அபுந்தியோவின் தேன் ஆரஞ்சு

வாயில் போட்ட சுளையைத் தோன் அபுந்தியோ அப்படியே வேலியோரம் துப்பினார்.

"என்ன தோன், புளிக்குதா?" பக்கத்து வீட்டு சென்ச்சோ எட்டிப் பார்த்தான்.

"மரத்துக்கு உடம்பு சரியில்லய்யா. இது என் மரத்து ருசியே இல்ல."

ஹராபகோவா ஊர் முழுக்க அந்த மரத்தின் புகழ் தெரியும், அவர்தான் தெரியப்படுத்தியிருந்தார். இருபது வருஷமாக, ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளன்று தெருவிலுள்ள எல்லா வீட்டுக்கும் அவர் ஆரஞ்சு போகும். மனைவி ரமோனா பறித்து, உரித்து, தட்டில் வைப்பாள். அவர் தின்று பெருமை பேசுவார். வேலையை அப்படிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபரில் ரமோனா கண்ணை மூடிவிட்டாள். இன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரே பறித்தார். திருநாளுக்கு இன்னும் மூன்று வாரம்.

"கண்ணு பட்டிருக்கு. சிவப்பு நாடா கட்டுங்க," என்றான் சென்ச்சோ.

கட்டினார். புளிப்பு அசையவில்லை.

"அப்ப இனிப்புச் சத்துக் குறைவு." இது அபுந்தியோவின் சொந்தக் கண்டுபிடிப்பு. வேரில் இரண்டு வாளி சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினார். மறுநாள் மாகாணத்து எறும்பெல்லாம் ஆஜர். எறும்புக்குப் பின்னாலேயே மாவுப்பூச்சியும் வந்து இலையெல்லாம் வெள்ளையாகப் படிந்தது.

"சோப்புத் தண்ணி அடிங்க தோன்."

"எவ்வளவு?"

"தாராளமா."

தாராளத்தில் குறை வைக்கிற ஆளா அவர்? துணி சோப்பு மூன்று கட்டி கரைந்தது. பூச்சி போனது. கூடவே இலையும் பொசுங்கிக் கொட்டியது.

"மொட்டையா நிக்குதே!"

"முடி கொட்டினா ஆள் முடிஞ்சானா? உன் தலையத் தடவிப் பாருய்யா."

திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில் கௌரவத்தை விழுங்கிக்கொண்டு விவசாய அலுவலகத்துக்குச் சொல்லியனுப்பினார். ஒலிவேரோ என்ற இளம் அதிகாரி வந்தாள். அடிமரத்தைச் சுரண்டினாள். மிச்சமிருந்த ஒரு பழத்தைக் கீறி நக்கினாள்.

"மரத்துக்கு வியாதி எதுவும் இல்ல. உங்க வைத்தியம்தான் வியாதி. இது ஒட்டுக்கன்னு. மேல ஒட்டின இனிப்பு ரகம் கன்னுலயே பட்டுப்போச்சு. அடியில இருந்த புளிப்பு ஆரஞ்சுதான் தழைச்சு மரமாயிருக்கு. அன்னிக்கிருந்து இது புளிப்புதான். பன்றிக்கறி ஊறவைக்க இத அடிச்சுக்க ஆளே இல்ல."

"எம்மா! இருபது வருஷம் தின்னவன்கிட்டயா சொல்ற? தேன்! என் ரமோனா கையால உரிச்சுக் குடுத்த தேன்! தெருவையே கேளு!"

"சத்தியமா தேன்தான்," என்றான் சென்ச்சோ. "ரமோனாம்மா வச்ச பன்றிக்கறியும்தான்."

அதிகாரி விழித்தாள். அபுந்தியோ நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அப்போது வாசலில் ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. பழக்காரி தொமாசா.

"துக்க வீடாச்சேன்னு இத்தனை நாள் வரல தோன். அம்மா வழக்கமா வாங்குற இனிப்பு ஆரஞ்சு கொண்டாந்திருக்கேன், திருநாளுக்குண்டான கூடையோட. உங்க கையிலயே குடுக்கட்டுமா, இல்ல எப்பவும்போல உங்களுக்குத் தெரியாம பின்வாசல்ல வச்சிடட்டுமா?"