ஊதா விஷம்

1968-ஆம் வருஷம் பாகலூர் போகும் பஸ்ஸில் ஆளுக்கொரு கோழி ஏறியது. கோழிகளுக்குக் காலைக் கட்டியிருந்தார்கள். கொண்டுபோனவர்களுக்கு எதைக் கட்டியிருந்தார்கள் என்பது வெளியே தெரியவில்லை.

எல்லாக் கோழிகளும் ராமப்ப சாமியைப் பார்க்கத்தான் போயின. பொங்கலுக்கு வந்து கொட்டகை போட்டவர், மாம்பழ சீசனுக்குள் மைசூர் ராஜ்யம் வரை பெயர் வாங்கிவிட்டார். பாம்பு விஷம், தேள் விஷம் எல்லாம் அவருக்குச் சில்லறை வேலை. அந்தத் தொழிலில் போட்டியும் அதிகம். அவர் இறக்கியது இங்கிலீஷ் மருந்தின் விஷத்தை.

ஆள் தேர்வில் அவர் கெட்டிக்காரர். காசநோய்க்காரர்களைப் பிடித்தார். அவர்களுக்கு ஊசி ஒரு பக்கம், கைநிறைய மாத்திரை ஒரு பக்கம். அதுவும் ஒன்றரை வருஷத்துக்கு. மாத்திரை வயிற்றைப் புரட்டும். ஊசி காதுக்குள் ரீங்காரம் வைக்கும், நடந்தால் தரை சாயும். இவை பொய்யில்லை. சாமியின் கடையில் இருந்த ஒரே நல்ல சரக்கு இந்த உண்மைதான்.

முறை எளிது. நோயாளி ஒரு தம்ளரில் நீர் கொண்டுவர வேண்டும். சிறுநீர்தான். வேறு எப்படிச் சொல்வது? சாமி ஒரு பழுப்புப் புட்டியைத் திறந்து மூன்று துளி விடுவார். தம்ளர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும்.

"நோடு, சூடு, பாரு" என்பார். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றிலும் ஒரே உத்தரவு. மூன்று கூட்டமும் பார்க்கும். "விஷம்" என்பார். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பிறகு மாத்திரை டப்பாவைச் சாமியிடம் கொடுத்துவிட்டு, கொட்டகையில் மூன்று நாள் கஞ்சியும் விபூதியும் சாப்பிட வேண்டும். நாலாம் நாள் அதே மூன்று துளி. தம்ளர் மஞ்சளாகவே இருக்கும். விஷம் இறங்கிவிட்டது, கோழியை விட்டுவிட்டுப் போகலாம்.

மூன்று நாள் மாத்திரை சாப்பிடாதவருக்கு வாந்தியும் நின்றுவிடும். அதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்?

ஓசூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிற நர்ஸ் கிருபாராணிக்கு வேறொரு கணக்கு உதைத்தது. பாகலூர்ப் பக்கத்திலிருந்து வர வேண்டிய ஏழு பேர் வரவில்லை. தேடிக்கொண்டு பஸ் ஏறினாள். பக்கத்து சீட்டுக் கோழி வழி சொல்லிற்று.

கொட்டகையில் முதலில் கண்ணில் பட்டவள் முனிலட்சுமி. உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வேலை செய்பவள். ஐந்து மாதம் ஒழுங்காக ஊசி போட்டு, சதை பிடித்து, மறுபடி மண்வெட்டி தூக்கியவள். இப்போது கன்னம் ஒட்டியிருந்தது. இருமினாள். முந்தானையில் சிவப்பு தெரிந்ததும் மடித்துக்கொண்டாள்.

"எத்தினி நாளாச்சி நிறுத்தி?"

"இருவது நாளு. அது விஷம் வெளிய போவுதுன்னு சாமி சொல்றாரு. இன்னும் கொஞ்சம் பாக்கியாம், அதான் திரும்பி வந்தேன்."

"முனிலட்சுமி, அது ரத்தம்."

"காதுல வண்டு கத்திக்கினே இருக்குது நர்சக்கா. தின்ன சோறு நிக்கல. உங்க ஆஸ்பத்திரியில மாத்திரை முழுங்கினியான்னுதான் கேப்பாங்க. முழுங்கினா என்ன பண்ணுதுன்னு இவரு ஒருத்தருதான் கேட்டாரு."

கிருபாராணி சாமி பக்கம் திரும்பினாள். பழுப்புப் புட்டியைப் பார்த்தாள். அவள் மேஜையில் இருக்கும் புட்டியின் தம்பி அது. பெரிக் குளோரைடு என்கிற இரும்பு உப்புக் கரைசல். நோயாளி மாத்திரையை விழுங்கினாரா, வேலியில் எறிந்தாரா என்று பார்க்க அவளும் இதே மூன்று துளிதான் விடுவாள். ஊதா வந்தால் சாப்பிட்டிருக்கிறார், சந்தோஷம். அங்கே சந்தோஷமாக இருந்த நிறம் பாகலூர் வந்ததும் விஷமாகிவிட்டது.

பக்கத்து டீக்கடை ரங்கம்மாவிடம் பாலில்லாத டீ ஒன்று வாங்கினாள்.

"சாமி, இதுல மூணு துளி விடுங்களேன்."

கூட்டம் பார்க்கிறது. சாமி விட்டார். டீயின் துவர்ப்பு பட்டதும் தம்ளர் மை போலக் கறுத்தது.

சாமி கொஞ்சமும் கலங்கவில்லை. "டீ யாரு கொண்டாந்தது? வெள்ளைக்காரன். அதுவும் விஷந்தான்."

சரிதானே என்று நாலு தலை ஆடியது. ரங்கம்மாவின் தலை ஆடவில்லை.

"எம் டீயில விஷமா? நாளைக்கு எட்டு டீ குடிக்கிறீங்களே, உங்களுத ஊத்திப் பாருங்க சாமி. எவ்ளோ விஷம் நிக்குதுன்னு நாங்களும் பாக்கறோம்."

சாமிக்குத் தைரியம் இருந்தது. ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிட்டவருக்குத்தான் ஊதா வரும் என்பதை அவர் கண்ணால் கண்டவர். தம்ளரோடு தட்டிக்குப் பின்னால் போனார், வந்தார், மூன்று துளி விட்டார்.

கத்தரிப்பூ. அழுத்தமான கத்தரிப்பூ.

கொட்டகையில் கோழிகள் மட்டும் பேசின. பிறகு ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அய்யோ, நம்ம விஷத்தையெல்லாம் சாமி தம்மேல வாங்கிக்கினாரே."

பக்தன் கை கொடுப்பதுபோல் யார் கொடுப்பார்கள்? சாமி உடனே கண்ணை மூடி முகத்தை வாடவிட்டார்.

ரங்கம்மா விடவில்லை. "நம்ம விஷமா? சாமி எங்கிட்ட வாங்கித் தின்னதுதான். தலவலி மாத்திரை. காலையில ரெண்டு, சாயந்தரம் ரெண்டு. கத்திக் கத்தி மண்ட வலிக்குதுன்னு தெனமும் வாங்குறாரு."

"அந்த மாத்திரையும் ஆஸ்பத்திரி மாத்திரைக்கு ஒறவுதான், அதுக்கும் ஊதா வரும்" என்றாள் கிருபாராணி. சாமியின் காலடியில் கிடந்த முனிலட்சுமியின் டப்பாவை எடுத்தாள். ஒரு ஆஸ்பத்திரி மாத்திரையை நசுக்கி, கிணற்றுத் தண்ணீர் இருந்த தம்ளரில் போட்டுக் கலக்கினாள். "இது வெறும் தண்ணி. முனிலட்சுமி, நீயே விடு."

முனிலட்சுமி மூன்று துளி விட்டாள். ஊதா.

"கெணத்துக்கு என்ன நோவு? இந்தப் புட்டிக்கு விஷமும் தெரியாது, நோவும் தெரியாது. மாத்திரை இருக்குதா இல்லியான்னு மட்டுந்தான் தெரியும். மூணு நாள் மாத்திரைய நிறுத்தினா ஊதா நிக்கும். நோவு நிக்குமா?"

எல்லோரும் சாமியைப் பார்த்தார்கள். சாமி புட்டியைப் பார்த்தார்.

"பெங்களூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில புட்டி கழுவிக்கினு இருந்தேன்" என்றார், முதல்முறையாகச் சாதாரணக் குரலில். "கலர் மார்றதப் பாத்தேன். எதுக்குன்னு யாரும் சொல்லல."

"நீங்களும் கேக்கல" என்றாள் கிருபாராணி.

அப்புறம் நடந்தது புரட்சி என்று சொல்ல ஆசை. உண்மையில் அவரவர் கோழியைத் தேடினார்கள். என் கோழி, உன் கோழி என்று மூன்று மொழியிலும் சண்டை. அந்தச் சந்தடியில் சாமி மாலூர் பஸ் ஏறிவிட்டார். புட்டி மட்டும் தங்கிவிட்டது.

முனிலட்சுமி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்போ மாத்திரை, ஊசியில ஒண்ணும் கெடுதல் இல்லன்னு சொல்றியாக்கா?"

"இருக்குது. காதுல கத்துறது ஊசியாலதான். அப்படியே விட்டா காது போனாலும் போகும். டாக்டருகிட்ட சொன்னா அளவக் கொறைப்பாரு, இல்லாட்டி மருந்த மாத்துவாரு. நீயா நிறுத்தினா காது நல்லா இருக்கும், நீ இருக்க மாட்ட." அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன பண்ணுதுன்னு நாங்க கேட்டிருக்கணும். நாளையிலேர்ந்து கேக்கறேன்" என்றாள்.

"நாளைக்கு எதுக்கு? இப்பவே கேளு."

கேட்டாள். பஸ் வரும்வரை முனிலட்சுமி சொல்லிக்கொண்டே இருந்தாள்: எந்த மாத்திரைக்கு வாந்தி, ஊசி போட்டு எத்தனை நேரத்தில் வண்டு, எந்தப் பக்கம் தரை சாய்கிறது. கிருபாராணி அத்தனையும் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். ஓசூர் டாக்டர் அதைப் படித்து ஊசியை மாற்றினார். மாத்திரையைச் சோற்றுக்குப் பிறகு சாப்பிடச் சொன்னார். ஏழு பேரில் ஆறு பேர் திரும்பி வந்தார்கள். ஏழாமவர் மாலூரில் சாமியைத் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. கையில் கோழியோடு.

நோடு, சூடு, பாரு. பார்க்கச் சொல்ல மூன்று மொழியிலும் ஆள் இருக்கிறது. யோசி என்று அவர்கள் எந்த மொழியிலும் சொல்லமாட்டார்கள். அதை நமக்கு நாமேதான் சொல்லிக்கொள்ள வேண்டும், கோழியைக் கட்டுவதற்கு முன்னால்.