விளாங்காயின் எடை

ஒரு காட்டில் ஓடை ஒன்று ஓடியது. ஓடைக்கு அந்தப் பக்கம் யானை நாடு, இந்தப் பக்கம் முயல் நாடு. முயல் நாட்டு மரமொன்றிலிருந்த குரங்கு, யானைத் தலைவர் மதகரியின் நெற்றியைப் பார்த்து ஒரு விளாங்காயை விட்டெறிந்தது. நெற்றி புடைத்தது. குரங்கு ஓடிவிட்டது. முயல் வளைகளுக்கு ஓடத் தெரியாது.

மதகரி ஓடையைத் தாண்டிவந்து முயல் நாட்டை மிதித்துச் சமன் செய்தார். கடைசியாகச் செவந்தி என்ற முயலின் வளை வாசலில் காலை ஊன்றி நின்றுகொண்டார். உள்ளே அவள் புருஷன் சிக்கிக்கொண்டான்.

"ஐயா, காலைக் கொஞ்சம் எடுங்க. உள்ள அவரு இருக்காரு," என்றாள் செவந்தி.

"முதல்ல விளாங்காயைக் கண்டி."

"கண்டிக்கிறேங்க."

"அழுத்தமா."

"வன்மையாகக் கண்டிக்கிறேன்."

"நானும்தான்," என்றது மண்ணுக்குள்ளிருந்து ஒரு குரல். "மூச்சு முட்டுது, செவந்தி."

கால் அசையவில்லை. நடுநிலை நாட்டு ஆமை வந்து சேர்ந்தது. "இரு தரப்பும் பொறுமை காக்க வேண்டும்," என்றது.

"நான் பொறுமையாத்தான் இருக்கேன்," என்றான் புருஷன்.

பக்கத்து நாடுகள் மோதினால் பழியைத் தராசில் வைத்து எடை போடுவது அந்தக் காட்டு வழக்கம். ஆமை ஒரு தட்டில் விளாங்காயை வைத்தது. தட்டு இறங்கியது.

செவந்தி காலி தட்டைப் பார்த்தாள். "ஐயாவோட காலையும் வைங்களேன். எவ்வளவு மென்மையான காலுன்னு ஊரே பார்க்கட்டும்."

மதகரிக்கு அது நியாயமாகப் பட்டது. "எங்க காலைப்போல ஒழுக்கமான காலு எந்தக் காட்டிலும் கிடையாது," என்று தூக்கினார். புருஷன் காதெல்லாம் மண்ணோடு வெளியே பாய்ந்தான்.

தட்டோ ஆலிலை அகலம். மதகரி அப்படி வைத்தார், இப்படி வைத்தார். கால் அதில் அடங்கவில்லை. ஆமை யோசித்துத் தீர்ப்புச் சொன்னது: "தராசில் அடங்காதது கணக்கில் சேராது. பழி முழுவதும் விளாங்காய்ப் பக்கமே."

மதகரி நிம்மதியாகக் காலைப் பழைய இடத்திலேயே ஊன்றினார்.

"அப்ப நாமதான் குற்றவாளியா?" என்றான் புருஷன்.

"நீங்க வெளிய வந்துட்டீங்க. தீர்ப்பை அவங்களே வச்சுக்கட்டும். நடங்க, வேற மேடு பார்ப்போம்," என்றாள் செவந்தி.

நீதி: அடிப்பதானால் தராசுத் தட்டில் அடங்காத அளவுக்கு அடி, கொஞ்சமாக அடித்தால் எடை போட்டுவிடுவார்கள்.