போத்தல்கள் நின்ற வரிசை

காலை ஏழே கால். காஜா பெராங்கில் வாக்குச்சாவடியாக மாறியிருந்த பள்ளிக்கூடத்தின் வாசலில் ஆள் ஒருவரும் இல்லை. கதவிலிருந்து சாலை வரைக்கும் காலி மருந்துப் போத்தல்கள் வரிசையாக நின்றன. சிலவற்றுக்குத் தக்கை இருந்தது. சிலவற்றின் வாயில் பழைய காகிதத்தைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். போத்தல்களின் சொந்தக்காரர்கள் எதிரே அங்சானா மரத்தடியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் ரோலர்காரர் இருந்தார். மலாக்காவில் எது கோணலாக நடந்தாலும் நடுவில் அவர் இருப்பார்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்குச் சற்று முந்தைய காலம். நான் ஒரு தமிழ் நாளிதழுக்கு மலாக்கா நிருபர். நகரசபையின் ரோடு ரோலரை ஓட்டி ஓய்வு பெற்றவர் ரோலர்காரர். ரோலரைத் திருப்பிக் கொடுத்தாரே தவிர, அதன் குணத்தைக் கொடுக்கவில்லை. சாலையின் நட்டநடுவில்தான் நடப்பார், ரோலரின் வேகத்தில். பின்னால் கார், லாரி, மாட்டு வண்டி எல்லாம் ஊரும். ஒருமுறை சீனர் சவ ஊர்வலம் ஒன்று அவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, பேண்டு வாத்தியக்காரர்கள் அவர் நடைக்கு ஏற்பத் தாளத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

போலீஸ்காரர் ஒருவர் சொல்லிப் பார்த்தார். “பெரியவரே, ஓரமா நடக்கக் கூடாதா?”

“எல்லாரும் ஓரத்துலயே நடந்தா நடுவுல எப்படிடா ரோடு சமமாவும்?”

தார்ப்புகை அவர் நெஞ்சில் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. பேசும்போது நடுநடுவே விசில் அடிக்கும். நகரசபை மருந்தகத்தில் ஓய்வு பெற்ற கூலிகளுக்கு இலவசமாகக் கொடுத்த பழுப்பு மருந்து இல்லையென்றால் அவரால் படுத்துத் தூங்க முடியாது. வெளியே வாங்கிக் குடிக்க அவருக்கு வழியில்லை. அவரோடு தார் ஊற்றியவர்கள், சாக்கடை அள்ளியவர்கள், தெருக் கூட்டியவர்கள் எல்லாருக்கும் அதே கதை.

அந்த மருந்தை நிறுத்தப் போவதாகச் சொல்லித்தான் ஒரு வேட்பாளர் நகரசபைத் தேர்தலில் நின்றார். ரப்பர் வியாபாரி, நம் ஆள்தான். மலாக்கா வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். “வயசானவங்க மருந்துக்கா வர்றாங்க? ஊர்க்கதை பேச வர்றாங்க. சும்மா கிடைக்குதேன்னு குடிக்கிறாங்க. காசு குடுத்து வாங்கட்டும், பாதி நோவு தானா போயிரும்” என்று மேடையில் பேசினார். கைதட்டல் கிடைத்தது. ஊர்க்கதை பேசினார்கள் என்பதும் உண்மைதான்.

ரோலர்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்குப் போனார். போய்ச் சேர நேரமாயிற்று. வேட்பாளர் வேறு வழியின்றிக் காத்திருந்தார்.

“ஒரு வாய் குடிங்க முதலாளி.” போத்தலை நீட்டினார்.

“எனக்கெதுக்கு? எனக்கு ஒரு நோவும் இல்லையே.”

“நாங்க ஆசைக்குக் குடிக்கிறோம்னு சொன்னீங்கள்ல? நீங்களும் ஆசைக்குக் குடிச்சுப் பாருங்க.”

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் வேட்பாளர் குடித்தார். மறுநாள் செய்தியில், ‘வேட்பாளர் சுருக்கமாகப் பேசினார்’ என்று எழுதினேன்.

தேர்தலன்று போத்தல்களைப் பார்த்தபோது இதுவும் அவர் செய்த ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். இல்லை. விடியற்காலையில் வந்து வரிசையில் நில்லுங்கள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். அவர்களில் பலர் அதுவரை ஓட்டுப் போட்டதில்லை. அவர்களுக்குத் தெரிந்த வரிசை மருந்தக வரிசை. அங்கே முட்டிவலிக்காரர்கள் போத்தலை வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். போத்தல் நின்றால் ஆள் நின்ற கணக்கு. அந்தப் பழக்கத்தில் போத்தலோடு வந்துவிட்டார்கள்.

எட்டு மணிக்கு வேட்பாளர் காரில் வந்து இறங்கினார். போத்தலைக் கண்டதும் முகம் சுளித்தார். ஒருவேளை ருசி நினைவுக்கு வந்திருக்கலாம்.

“இது எனக்கு எதிரான பிரச்சாரம். சாவடி வாசல்ல பிரச்சாரம் கூடாது.”

சாவடி அதிகாரி ஒரு மலாய் ஆசிரியர். நிதானமாக யோசித்து, போத்தல்களை எடுக்க வேண்டும், ஓட்டுப் போடுபவர் தாமே நிற்க வேண்டும் என்றார்.

வேட்பாளர் குரலில் தேன் வடிந்தது. “பாவம், எதுக்கு வெயில்ல நிக்கிறீங்க? என் கார்ல வீட்டுக்குப் போயி ஓய்வெடுங்க. சாயந்திரம் திரும்பக் கூட்டிக்கிட்டு வரச் சொல்றேன்.”

“கார் போவும் முதலாளி. திரும்பி வருமா?” என்றார் ரோலர்காரர். பிறகு மரத்தடியைப் பார்த்து, “அவங்கவங்க போத்தல் இருந்த எடத்துல போயி நில்லுங்க. ஒருத்தரும் நகரப்படாது.”

நகரசபை அலுவலகத்தில் பியூனாக இருந்த செட்டிக் கிழவர் வரிசையின் முன்பகுதியில் இருந்தார். பல தலைமுறைகளுக்கு முன்பே குடியேறிய மலாக்காச் செட்டிகளின் வழக்கப்படி அவர் பேச்சு மலாய்தான். “காக்கி சாக்கிட் லா” என்று காலைத் தடவினார்.

“வலிச்சா வலியோட நில்லு பாபா. நாளைக்கு ஒபாட் மாவ் கா, தா மாவ்?”

மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பது கேள்வி. “மாவ்” என்று சொல்லிவிட்டுக் கிழவர் நிமிர்ந்து நின்றார்.

வெயில் ஏறியது. வரிசை ரோலரைப் போல நகர்ந்தது. வேட்பாளரின் கார்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றன. யாரும் ஏறவில்லை. கடைசியில் நின்ற ரோலர்காரரின் நெஞ்சு சத்தம் கதவு வரைக்கும் கேட்டது.

அவருக்கு முன்னால் நின்ற முனியம்மா, சந்தைத் தெருவைக் கூட்டியவர், திரும்பிப் பார்த்தார். “அண்ணே, நெஞ்சு இப்படி விசில் அடிக்குது. செத்த உக்காந்தா என்னா?”

“அடிக்கட்டும். ரோலர் வருதுன்னு அவனுக்கும் தெரியட்டும்.”

முனியம்மா உள்ளே போனார். அடுத்தது ரோலர்காரர். அவர் உள்ளே நுழையாமல் கதவைத் தாண்டி நடந்து, மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் ஓடினேன். “உங்க முறை வந்துருச்சு. போடலையா?”

“எனக்கு ஏது தம்பி ஓட்டு? இவங்கள்லாம் இங்கயே பொறந்தவங்க. நான் கப்பல்ல வந்தவன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “நான் போயிட்டா இவங்களும் உக்காந்துருவாங்கள்ல?”

கடையிலிருந்து சூடாக ஒரு கோப்பி வாங்கிவந்து கொடுத்தேன். அவர் மூச்சு அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வேட்பாளர் தோற்றார். மருந்து இலவசமாகவே தொடர்ந்தது. சாவடியிலிருந்து நான் அனுப்ப வேண்டிய செய்தி அன்று தாமதமாகப் போய், மறுநாள் பத்திரிகையில் வரவில்லை.