பாட்டுப் படமும் என் சொந்தக் கருத்தும்

சினிமாவைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்துகள் உண்டு. எல்லாம் என் மனைவியுடையவை.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? சம்பாத்தியம் என்னுடையது, அவள் செலவு செய்கிறாள். கருத்து அவளுடையது, நான் செலவு செய்கிறேன். குடும்பம் என்றால் கொடுக்கல் வாங்கல்தானே? என்ன, சொல்லிவிட்டு வாங்கும் பழக்கம் மட்டும் எனக்குக் கிடையாது.

நான் கோமதிநாயகம். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். 'பை தைக்கிறவனுக்குக் கலையைப் பற்றி என்ன தெரியும்?' என்று யாராவது நினைத்தால், மாதா மாதம் செம்பூரில் எங்கள் தமிழ் மன்றம் நடத்தும் சினிமாக் கூட்டத்துக்கு வந்து பார்க்கட்டும். அங்கே நான்தான் நட்சத்திரப் பேச்சாளன்.

போன மாதம் ஒரு பேய்ப் படத்தைப் பற்றிப் பேசினேன். "வீட்டில் பேய் இருக்கிறது என்று தெரிந்தும் ஏன் காலி செய்ய மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். மும்பையில் டெபாசிட் இல்லாமல் வீடு கிடைத்தால் பேய் என்ன, பேயின் மாமியாரோடுகூட இருக்கலாம்!" என்றேன். கைதட்டலில் மின்விசிறி ஆடியது.

மன்றச் செயலாளர் வைத்தீஸ்வரன், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாயகம், உமக்கு மட்டும் எப்படிய்யா இப்படியெல்லாம் தோணறது?"

"தானா வருது சார்."

தானாகத்தான் வந்தது. படம் பார்த்துத் திரும்பும்போது, பஸ்ஸில், பக்கத்து சீட்டிலிருந்து.

அந்தக் கைதட்டல்தான் வினையாயிற்று. "அடுத்த மாசம் முழுக் கூட்டமும் நீர்தான். 'கூவி விற்ற காதல்' பத்திப் பேசணும்" என்று மேடையிலேயே அறிவித்துவிட்டார்.

அது பாட்டுப் படம். வசனமே இல்லையாம், முழுக்கப் பாட்டாம். நானோ பாட்டு வந்தால் எழுந்து வெளியே போய் டீ குடித்து வளர்ந்த தலைமுறை. படமே பாட்டாக இருந்தால் ஒரு மனிதன் எத்தனை டீதான் குடிப்பான்?

வேறு வழியில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன்.

"செண்பகம், ஞாயித்துக்கெழம படத்துக்குப் போவமா?"

"என்ன திடீர்னு?"

"உன்கூடப் படத்துக்குப் போயி ரொம்ப நாளானாப்புல இருக்கு."

"போன வாரந்தான போனோம்?"

"உன்கூட இருந்தா ஒரு வாரமே ரொம்ப நாளாத் தெரியுது."

சொன்ன பிறகுதான் அதற்கு வேறு அர்த்தமும் உண்டு என்று உறைத்தது. செண்பகவல்லி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, போவோம்" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. நான்தான் கவனிக்கவில்லை.

கதாநாயகன் தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறான். கூவுவதே பாட்டு. நாயகி பாடிக்கொண்டே பேரம் பேசுகிறாள். அவள் அப்பா பாடிக்கொண்டே திட்டுகிறார். போலீஸ்காரர் தாளம் போட்டுக்கொண்டே வண்டியை எடுக்கச் சொல்கிறார். இடைவேளை வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு ஏசி காற்று. வயிற்றில் சமோசா. எங்கிருந்தோ வந்து கவிந்த ஒரு தெய்வீக அமைதி...

"எந்திரிங்க. ஊரே வீட்டுக்குப் போயிட்டு."

பஸ்ஸில் ஏறியதும் என் வேலையைத் தொடங்கினேன்.

"படம் எப்படி?"

"நீங்களும்தான பாத்தீய?"

"பாத்தேன். இருந்தாலும் உன் வாயால கேட்டா அது ஒரு இதுவா இருக்கும்."

"மொதப் பாதி பாட்டெல்லாம் சுமாரு. ஆனா ரெண்டாம் பாதிப் பாட்டு இருக்கு பாருங்க..."

"ஆமா ஆமா! ரெண்டாம் பாதி! ஏக்தம் மஸ்த்! அருமை!"

"அதுல ஒங்களுக்கு எந்தப் பாட்டு பிடிச்சிது?"

"எல்லாமே. உனக்கு?"

"மழையில வண்டியத் தள்ளிக்கிட்டே பாடுதானே, அது. பொறவு கடைசியில அவ அப்பன் மன்னிப்புக் கேட்டுப் பாடுதாரே, கல்லும் கரைஞ்சிரும்."

"நான் கரைஞ்சிட்டேன் செண்பகம்."

"பாத்தேன். கண்ண மூடிக்கிட்டுல்லா கரைஞ்சீய."

அந்த வாக்கியத்தையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

கூட்டத்தன்று சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினால், வாசலில் அவள் பட்டுச்சேலையில் நிற்கிறாள். கூடவே எதிர்வீட்டு சபுரா.

"நாங்களும் வாறோம்."

"அங்க எல்லாம் செந்தமிழ்லல்லா பேசுவாவ. உனக்கு போரடிக்கும்."

"ஒங்க பேச்சு எனக்கு எப்படிங்க போரடிக்கும்?"

வழியெல்லாம் வியர்த்தது. கருத்துக்குச் சொந்தக்காரியை முன்வரிசையில் வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? குர்லா தாண்டும்போது ஒரு யோசனை பளிச்சிட்டது. அவள் சொன்னதையே செந்தமிழில் சொல்லிவிட்டால்? திருட்டு வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிற மாதிரி. அவளுக்கு அடையாளமே தெரியாது!

மேடை ஏறினேன். தொண்டையைக் கனைத்தேன்.

"அவையோரே! இப்படத்தின் முற்பாதி வெறும் முன்னுரை. பிற்பாதியில் அன்றோ பெருக்கெடுக்கிறது இசை வெள்ளம்! கொட்டும் மழையில் கானம் இசைத்தபடி வண்டி உருட்டும் நாயகன்! இறுதியில் கல்மனத் தந்தை பாடும் மன்னிப்புக் கீதம்! அதைக் கேட்டுக் கண்களை மூடிக் கரைந்தேன் நான்!"

கைதட்டலுக்காக நிறுத்தினேன். வரவில்லை. எங்கோ ஒருவர் இருமலைப் போலச் சிரித்தார்.

வைத்தீஸ்வரன் மெல்ல என் காதருகே வந்தார். "நாயகம், ரெண்டாம் பாதியில பாட்டே கிடையாதேய்யா."

"பாட்டுப் படம் சார்..."

"இடைவேளையில ஹீரோவுக்குக் குரல் போயிடறது. அப்புறம் ஒரு பாட்டு உண்டா? அதானேய்யா படமே!"

அந்தத் தெய்வீக அமைதி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. மைக் என் முகத்துக்கு முன்னால் இருந்ததால் வைத்தீஸ்வரன் சொன்னது கடைசி வரிசை வரை கேட்டுவிட்டது. அரங்கம் குலுங்கியது.

சிரிப்பு அடங்கும்போது முன்வரிசையில் செண்பகவல்லி எழுந்து நின்றாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டா?"

வைத்தீஸ்வரன் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"அத்தன பாட்டு பாடுதான் அந்தக் காய்க்காரன். ஒரு பாட்டுலயாவது தக்காளி என்ன வெலன்னு சொன்னானா?" என்றாள். மறுபடி சிரிப்பு. அது அடங்கும் வரை காத்திருந்தாள். "ஆனா தொண்ட போன பொறவு, வாயத் தொறக்காம தெருவுல வாறான். அந்தப் பிள்ள ஜன்னல்ல நின்னு காதக் குடுத்துக்கிட்டே இருக்கா. வண்டிச் சக்கரம் உருளுத சத்தம் மட்டுந்தான் கேக்கு. எனக்கு அங்கதான் பாட்டே கேட்டுது. வாயுள்ளவன் பேசுனா ஊரே கேக்கும். வாயத் தொறக்காதவ மனசுல என்ன ஓடுதுன்னு யாரு கேக்கா?"

அரங்கத்தில் எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். நானும் தட்டினேன். வேண்டா வெறுப்பாக இல்லை, நிஜமாகவே. இத்தனை நாள் இந்தப் பேச்சைப் பஸ்ஸில் ஒரு ஆள் மட்டும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேனே என்று வெட்கமாகிவிட்டது.

திரும்பும் வழியில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எப்படித் தெரியும் செண்பகம்?"

"சபுராக்கா வீட்டுக்காரரு மன்றத்து வாட்ஸாப் குரூப்ல இருக்காருல்லா? போன மாசம் நீங்க பேசுன வீடியோவ அக்கா காட்டுனாவ. நான் சொன்னதுல ஒரு எழுத்து விடல நீங்க. எம்பேர மட்டும் விட்டுட்டீய."

முன் சீட்டில் சபுராவின் தோள்கள் குலுங்கின.

மறுநாள் காலை வைத்தீஸ்வரன் போன் செய்தார். அடுத்த கூட்டத்தில் செண்பகவல்லி சிறப்புரையாம்.

"எனக்கு ஒண்ணும் இல்லையா சார்?" என்றேன். குரல் எனக்கே பாவமாக இருந்தது.

"உமக்கு இல்லாமலா? நன்றியுரை உம்முடையது."

ஏதோ ஒரு உரை. போனை வைத்துவிட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"கவலப்படாதீய. அதுல என்ன பேசணும்னு நான் சொல்லித் தாரேன்."