கைதட்டு வாங்கிய வெள்ளைத் தலைப்பாகை

எந்த வரைபடத்திலும் இல்லாத மணிமுகில் நாட்டில், சில்லறைக் குற்ற வழக்குக்கும் மூன்று தலைப்பாகைகள் உண்டு. குற்றம் சாட்டுகிறவருக்குச் சிவப்பு, காத்துப் பேசும் வக்கீலுக்கு வெள்ளை, தீர்ப்புச் சொல்பவருக்குக் கறுப்பு. அகப்பட்டவன் தானாக வாய் திறக்கக் கூடாது. வெள்ளைத் தலைப்பாகைதான் அவன் வாய்.

ஒருமுறை கோழித் திருட்டு வழக்கில் ஓர் ஏழையை மீட்ட வக்கீலை மக்கள் கைதட்டித் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மாடத்திலிருந்து பார்த்த மன்னர் மகுடவர்மருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"நமக்கு இப்படி ஒருநாளும் தட்டியதில்லையே, அமைச்சரே?"

வக்கீல்கள் உட்கார்ந்தே பேச வேண்டும் என்று முரசு அறைந்தார்கள். உட்கார்ந்து பேசியதற்கும் மக்கள் கைதட்டினார்கள். முணுமுணுத்துத்தான் பேச வேண்டும் என்றார்கள். மக்கள் நெருங்கி வந்து காது கொடுத்தார்கள். கடைசியில் மூன்று தலைப்பாகைகளையும் மன்னரே சூடினார்.

"செலவு மிச்சம், கருத்து வேறுபாடும் இல்லை" என்றார் அமைச்சர். சிறைக்குப் புதிதாக ஒரு மாடி எழுந்தது.

அப்போதுதான் இளவஞ்சியின் கணவன் வேம்பன், அரண்மனைத் தோட்டத்தில் ஒற்றைச் செண்பகப் பூவைப் பறித்து அகப்பட்டான். அவளுக்குச் சிறைகூடப் பெரிதாகப் படவில்லை. தனக்கு ஒரு முழம் கனகாம்பரம் வாங்கித் தராத மனிதன், யாருக்காகச் சுவர் ஏறினான்? அவன் வாயால் அதைக் கேட்காமல் அவளுக்குத் தூக்கம் வராது.

வழக்கு மன்றத்தில் எதிர்வீட்டு மஞ்சரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னடி, இப்படி முறைக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா. இன்னிக்கு உங்க கொண்டையில பூவைக் காணோமேன்னு பார்த்தேன்."

மன்னர் சிவப்பைச் சூடி முழங்கினார்: "இன்று பூ! நாளை கிரீடம்!"

பிறகு வெள்ளையைச் சூடினார். குரல் தானாகவே கனிந்தது. "பெருமானே, இவன் வீட்டில் ஒருத்தி வெறுங்கூந்தலோடு அடுப்படியில் நிற்கிறாள். வாய்விட்டுக் கேட்கத் தெரியாதவள். அந்தக் கூந்தலைத் தினமும் பார்த்தவனின் கை, தன்னை அறியாமல் நீண்டுவிட்டது. அதுவா குற்றம்?"

இளவஞ்சி உடைந்து அழுதாள். அவள்தான் முதலில் கைதட்டினாள். மன்றமே அதிர்ந்தது.

மன்னர் கறுப்புக்கு மாறினார். "யாருக்குத் தட்டினார்கள்?"

"வெள்ளைத் தலைப்பாகைக்கு, பிரபு."

"கறுப்புக்கு?"

அமைச்சர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தரையைப் பார்த்தது. மன்னரின் முகம் கறுத்தது.

"மக்களை மயக்கிய வெள்ளைத் தலைப்பாகைக்குச் சிறை! ஆனால் வக்கீல் இல்லாமல் வழக்கை முடிப்பது அநீதி. நாம் அநீதி செய்யமாட்டோம். வக்கீல் விடுதலையாகும் வரை வேம்பனும் உள்ளே இருக்கட்டும்."

தலைப்பாகையைப் பட்டுத் தட்டில் வைத்து, வேம்பனுக்கு அடுத்த அறையில் பூட்டினார்கள்.

மறுவாரம் இளவஞ்சி சிறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று கைதட்டிய கை இன்னும் உறுத்தியது. வெள்ளைத் தலைப்பாகை சொன்னது சரிதான், ஆனால் இவர் சொல்லவில்லையே!

"உண்மையைச் சொல்லுங்க. அந்தப் பூ எனக்குத்தானா?"

வேம்பன் ஆசையாக வாய் திறந்தான். காவலாளி தடியால் கம்பியைத் தட்டினார்.

"வக்கீல் இல்லாம பேசக் கூடாதும்மா. சட்டம்."

"வக்கீலைத்தான் அடுத்த அறையில வச்சிருக்கீங்களே, எடுத்துட்டு வாங்க!"

"பெரிய இடத்துத் தலைப்பாகையாச்சே! ராசாவே வந்து வாதாடி, நேத்தே ஜாமீன்ல கூட்டிட்டுப் போயிட்டாரும்மா."