மாயன் கோயிலில் கட்டிய பரிவட்டம்

மதிப்பிற்குரிய அண்ணன் சின்னக்கருப்பன் அவர்கள் சமூகத்துக்கு, தல்லாகுளத்துத் தம்பி நல்லகாமன் மெக்சிகோவில் மகள் வீட்டிலிருந்து கும்பிட்டு எழுதுகிறேன். நானும் மகள் பவதாரிணியும் சுகம். தாங்களும் மதினியும் மாடு கன்றுகளும் சுகமாக இருக்க வேண்டும். கோபத்தில் தங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். அதை எடுத்துவிடச் சொல்லி மகளிடம் கேட்க வெட்கமாக இருப்பதால் இந்தக் கடிதம்.

போன மாசிப் பச்சைத் திருவிழாவில் குலசாமி கோயில் பரிவட்டம், நம் அப்பாமார் இருவரில் பெரியவர் மகனான எனக்கா, சின்னவர் மகனானாலும் வயதில் மூத்த உங்களுக்கா என்று முட்டிக்கொண்டு, "இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன், சாமி உலகமெல்லாம் இருக்கு" என்று துண்டை உதறிவிட்டு வந்தேன் அல்லவா? சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஆன்மிகப் பயணியாகி, மகளை நச்சரித்து, பழங்கால மாயன் கோயில் ஒன்றுக்குப் போனேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். வெயிலில் கல் தோசைக்கல்லாகக் கிடக்க, நான் குதித்த குதியை ஏதோ சடங்கென்று நினைத்து இரண்டு வெள்ளைக்காரர்கள் கும்பிட்டார்கள். சூடத்தைக் காவலர் பிடுங்கிக்கொண்டார். மேலே ஏறவிடாமல் கயிறு கட்டியிருந்தார்கள். சரியென்று சுற்றி வந்து, இங்கே முதல் மரியாதை எந்த வகையறாவுக்கு என்று மகளிடம் விசாரித்தேன்.

"யாருக்கும் இல்லப்பா. எல்லாருக்கும் ஒரே டிக்கெட்டுதான்."

இதுவல்லவோ கோயில் என்று மனம் குளிர்ந்துபோய், ஒரு மர நிழலில் நின்று என் துண்டை எடுத்து நானே பரிவட்டம் கட்டிக்கொண்டேன். கொட்டு இல்லை, குலவை இல்லை, அதுகூடப் போகட்டும், பார்த்து வயிறெரிய நீ இல்லையே அண்ணே! வெயிலுக்கு அங்க அம்புட்டுப் பேரும் தலையில துணியப் போட்டுக்கிட்டுத்தான் நிக்கிறான். அவனும் நானும் ஒண்ணாப் போயிட்டோம். எனக்கு அழுகையே வந்துருச்சு.

வீராப்புல சொன்னத மனசுல வச்சுக்காத. வர்ற மாசிப் பச்சைக்கு வாரேன். பரிவட்டத்த நீயே கட்டிக்க. நான் பக்கத்துல நின்னு பொறாமைப்பட்டுக்கிறேன், அது போதும்.

குலசாமி உங்கள் களத்தையும் அடுப்படியையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். மதினிக்கு என் கும்பிடு.

அன்புத் தம்பி,
நல்லகாமன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது மதினி போன் செய்தார். இந்த வருசம் பரிவட்டத்தைத் தம்பிக்கே விட்டுக்கொடுக்கப் போவதாக நீ ஊரெல்லாம் சொல்லிவிட்டாயாமே? எனக்கு விட்டுக்கொடுக்க நீ யாரு? விட்டுக்கொடுக்கிறதுலயும் முதல் உரிமை பெரியவர் மகனுக்குத்தான். டிக்கெட் போட்டாச்சு. வாரேன், இரு.