வாட்டில் பெண்ட் கதவு நீங்கு படலம்

வாழ்க நெவில் ஹாரப்! மெல்பர்ன் மாநகரின் கிழக்குத் தடத்தில், வாட்டில் பெண்ட் என்னும் சிறு நிலையத்தின் முதல் நடைமேடையில், காலை ஆறு ஐம்பத்திரண்டு வண்டிக்காக இருபத்திரண்டு ஆண்டுகள் இடையறாது தவமிருந்த ஏந்தலே, வாழ்க! மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை தேய்த்து ஊராரின் பார்வையைக் கூர்தீட்டும் உத்தமனே, மலைநிகர் தோளனே, அத்தோளினும் அகன்ற இடையனே, முழங்கால்வரை தொங்கும் பழுப்பு மேலங்கியைக் கவசமெனத் தரித்தவனே, நீ வாழ்க! உன் பெருமையைப் பாடப் புகுமுன் உன் சிறுமையைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. என்ன செய்வது, தீயை அணைக்கப் போனவனும் மூட்டியவனும் ஒரே ஆளாக இருந்து தொலைத்தால் புலவன் பாடு திண்டாட்டம்தான்.

அந்த ஊருக்குக் குளிர்காலமான ஜூன் மாதத்து இருண்ட காலையொன்றில், நிலையப் பணியாளர் மெர்வ், மஞ்சள் சட்டை மாவீரர், வானிலை அறிக்கைக்கு முன்பே மழையை முழங்காலால் உணர்ந்து சொல்லும் முக்காலமுணர்ந்தவர், பயணிகளின் கையில் ஆளுக்கொரு தாளைத் திணித்தார். தாளில் இரண்டே கேள்விகள். இந்த நிலையத்தில் உங்களுக்குப் பிடித்தது எது? பிடிக்காதது எது?

நம் நாயகனுக்குப் பிடித்தவை கொஞ்சமா! மூன்றாம் விளக்குக் கம்பத்தை இடத்தோளால் உரசி நின்றால் இரண்டாம் பெட்டியின் கதவு அளந்து வைத்தாற்போல் மூக்கின் முன் வந்து திறக்கும், அது பிடிக்கும். மழை விட்டதும் கார் நிறுத்துமிடத்துத் தைலமரங்களிலிருந்து எழும் வாசம் பிடிக்கும். எல்லாவற்றினும் மேலாக, செங்கல்லால் கட்டிய அந்தக் காத்திருப்பு அறை, அதன் சுவரில் பொத்தானை அமுக்கினால் பத்து நிமிடம் செஞ்சூரியனாய்க் கனன்று, பின் கஞ்சனாய் அணையும் மின்னடுப்பு, அதைச் சூழ்ந்து தோளோடு தோள் உரச நிற்கும் ஒன்பது பேர் கொண்ட படை, இவையெல்லாம் உயிர். பிடிக்காதவையும் உண்டு. மேம்பாலத்தின் நாற்பத்தாறு படிகள், மூன்றாண்டுகளாகப் 'பழுது' என்ற பதாகையைப் பட்டாடையாய்ப் போர்த்து உறங்கும் மின்தூக்கி, நிற்காமல் முகத்தில் அறைந்துவிட்டுப் பறக்கும் விரைவு வண்டி, ஞாயிறுதோறும் ரயிலுக்குப் பதிலாக வந்து ஊரையே சுற்றிக் காட்டும் பஸ்.

ஆனால் அன்று அவனுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. பல்வலிக்காரன் கையில் பேனாவைக் கொடுப்பது குரங்கின் கையில் தீப்பந்தம் கொடுப்பதற்கு ஒப்பானது. பிடிக்காதது என்ற கட்டத்தில், தாள் கிழியும்படி அழுத்தி, 'காத்திருப்பு அறையின் கதவு கிறீச்சிடுகிறது' என்று எழுதினான். பிடித்ததை எழுதப் பேனாவைத் தூக்கினான், வண்டி வந்துவிட்டது. தாளை மெர்விடம் வீசிவிட்டு ஏறிக்கொண்டான். அந்தக் கட்டம் வெறுமையாகவே போயிற்று.

மூன்றாண்டுகள் மின்தூக்கிக்கு இரங்காத மேலிடம், அந்தோ, கதவுக்குப் பதினோரே நாளில் இரங்கியது! செம்மஞ்சள் சட்டையணிந்த இருவர் வந்தனர். எண்ணெய்க் குப்பியோடு வந்தார்களா? இல்லை. திருகுளியோடு வந்தனர். கிறீச்சிடும் கதவைக் கீலோடு பெயர்த்தெடுத்து, போரில் வீழ்ந்த மன்னனைத் தூக்கிச் செல்வதுபோல் தலைமாடு ஒருவர் கால்மாடு ஒருவராகத் தூக்கி, வண்டியில் கிடத்திக் கொண்டுபோயினர். கதவு இல்லாத அறையில் கிறீச்சொலி இல்லை. புகார் தீர்ந்தது. குளிர் தொடங்கியது.

மறுநாள் காலை படிகளிறங்கி வந்த நெவில், வாய் பிளந்து நின்ற வாசலைக் கண்டான். உள்ளே கால் வைக்குமுன் டாக்கிஸின் குரல் கேட்டது. டாக்கிஸ் நீதிமன்றத்தில் கட்டியம் கூறுபவர், கிரேக்கக் குலத்தோன்றல். அவர் இருமினாலே மூன்றாம் நடைமேடையில் புறா பறக்கும்.

"எவன்டா அவன், கதவு சத்தம் போடுதுன்னு எழுதிக் குடுத்த மகராசன்? கையில கெடச்சான்னா அவனையே கொண்டாந்து வாசல்ல நிக்க வச்சிருவேன்!"

"சும்மா இரு டாக்கிஸ்," என்றாள் டோரீன். அறுபத்து மூன்று வயது, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை, இருமலை மார்புக்குள் குடிவைத்திருப்பவள், அறையின் அறிவிக்கப்படாத அரசி. "யாரோ பாவம், தூக்கமில்லாம எழுதியிருப்பான்."

"தூக்கமில்லாதவன் போய்த் தூங்கட்டும்! எங்கள எதுக்கு உறைய வைக்கிறான்?"

டோரீன் இருமினாள். அந்த இருமல் நெவிலின் நெஞ்சில் அம்பாய்த் தைத்தது. உள்ளே போனால் முகம் காட்டிக்கொடுக்கும். வெளியே நின்றால் காற்று உள்ளே போகும். எண்ணிப் பார்த்தான். உண்மை தெரிந்தால் இருபத்திரண்டு ஆண்டு ஒன்பது பேரில் ஒருவனாக அடுப்பைச் சூழ நின்ற உரிமை போகும். மூன்றாம் கம்பத்தருகே தன்னந்தனியாக, காலை வணக்கம் சொல்ல நாதியற்று, பணிஓய்வு வரை நிற்க வேண்டும். அதனினும் கொடியது வேறில்லை. எனவே அந்த மாவீரன் எவரும் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தான். திரும்பி, அறைக்கு முதுகு காட்டி, மேலங்கியின் இரு விளிம்பையும் சிறகெனப் பரப்பி, வாசலில் நின்றான். கதவானான்.

இனிக் காற்றைச் சொல்வேன். தெற்கிலிருந்து வருவதால் தென்றல் என்று எண்ணிவிடாதீர்கள். நம் ஊர்த் தெற்கு வேறு, அந்த ஊர்த் தெற்கு வேறு. பென்குவின்கள் நடுங்கும் தென்முனைப் பனிப்பாறைகளில் பிறந்து, ஆளில்லாக் கடல்களில் ஊளையிட்டு வளர்ந்து, பாஸ் நீரிணையைக் கால் நனையாமல் தாண்டி, விரிகுடாவைக் கலக்கி, நகரத்துத் தொப்பிகளைத் திறைகொண்டு, கடைசியில் வாட்டில் பெண்ட் நடைமேடையில், நெவில் ஹாரப்பின் மேலங்கியின் இரண்டாம் பொத்தானுக்கும் மூன்றாம் பொத்தானுக்கும் இடையில் வந்து முடிகின்ற காற்று அது.

முதல் நாள் அது அவன் காதைக் கைப்பற்றியது. இரண்டாம் நாள் மூக்கு வீழ்ந்தது. நான்காம் நாள் அவன் இரண்டு சட்டைக்கு மேல் இரண்டு கம்பளிப் பின்னல் போட்டு அதற்கு மேல் மேலங்கி பூட்டி வந்தான். கைகளை மடக்க முடியவில்லை, ஆனால் கதவுக்குக் கை மடங்க வேண்டிய தேவையென்ன! ஏழாம் நாள் பயணிகளின் பாதத்திற்கு இடம்விட்டுத் திறப்பதும் மூடுவதுமாகப் பக்கவாட்டில் நகரும் கலையில் தேர்ந்தான். யாரேனும் வந்தால் ஓரடி வலப்பக்கம். போனதும் ஓரடி இடப்பக்கம். ஒருமுறைகூட அவன் கிறீச்சிடவில்லை.

"நெவில், உள்ள வந்து ரெண்டு நிமிஷம் அடுப்புல கை காட்டிட்டுப் போங்க," என்று யாரோ அழைத்தார்கள்.

"பரவால்ல, எனக்கு வெளிக்காத்துதான் ஒத்துக்கும்," என்றான் நெவில், பற்கள் தந்தியடிக்க.

உள்ளே யாரோ சிரித்தார்கள். டாக்கிஸ் இருமுவதுபோல் ஏதோ செய்தார். நாயகன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் இடைவெளி விழும்.

காலையில் கதவாய் நின்றவன் மதிய உணவு வேளையில் தூதனாய்ப் போனான். மேலிடத்தின் தொலைபேசிக் கோட்டையை முற்றுகையிட்டான். வாசலைக் காத்தது ஒரு பெண்குரல். அவன் அழைப்பு தங்களுக்கு மிகமிக முக்கியம் என்று நாற்பது நிமிடம் வீணையிசையோடு உறுதியளித்தது. இரண்டாம் முற்றுகையில் பதினான்கு இலக்க எண்ணொன்றைப் பரிசிலாகப் பெற்றான். மூன்றாம் முற்றுகையில் மனிதக் குரலே கிடைத்தது. 'கதவைக் கழற்றும் பிரிவும் கதவைப் பொருத்தும் பிரிவும் வேறு வேறு, ஐயா. தாங்கள் எந்தப் பிரிவுக்குப் பிரியப்படுகிறீர்கள்?' என்று அது கேட்டது. பொருத்தும் பிரிவு என்றான் நெவில். அவர்களுக்குப் புகார் வேண்டும் என்றது குரல். கதவு இல்லை என்பதே புகார் என்றான். இல்லாத கதவின் எண் என்ன என்று கேட்டது. ஆயிரம் யானையை எதிர்கொள்ளலாம், இந்தக் கேள்வியை எதிர்கொள்ள முடியாது. நாயகன் தொலைபேசியை வைத்துவிட்டு அன்றைக்கு இருந்த வில்லைகளையெல்லாம் அளவுக்கு மேல் தேய்த்துவிட்டான்.

மெர்வையும் கேட்டுப் பார்த்தான். "கதவு எப்ப வரும் மெர்வ்?"

"வரும்," என்றார் மெர்வ்.

"எப்ப?"

"வர்றப்ப வரும் தோழா." அப்போது அவர் மேலிடத்தையே நோக்குவார்போல் வானத்தை நோக்கினார். முழங்காலைத் தடவினார். "நாளைக்கு மழை இருக்கு."

பத்தொன்பதாம் நாள் விடிந்தது. விடிந்தது என்று சொல்வது மரியாதைக்குத்தான், விளக்குகள் எரிந்தபடியே இருந்தன. மெர்வின் முழங்கால் பொய்த்ததில்லை. மழை செங்குத்தாக வராமல் படுக்கைவசத்தில் வந்தது. தெற்குக் காற்று தன் பதினெட்டு நாள் தோல்விக்கும் சேர்த்துப் பழிவாங்க, ஊளையும் உறுமலும் முன்படையாக, சருகும் காகிதக் கோப்பையும் தூசிப்படையாக, எங்கிருந்தோ பறந்துவந்த குப்பைத்தொட்டி மூடி ஒன்று கேடயமாக, நடைமேடையேறி வந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது: ஆறு ஐம்பத்திரண்டு வண்டி பதினோரு நிமிடம் தாமதம். அந்நேரம் பார்த்து, நிற்காத விரைவு வண்டி ஒன்று இடியென நடைமேடையைக் கடந்தது. அதன் வால்காற்று தெற்குக் காற்றோடு கைகோத்து, நெவிலின் தொப்பியைக் கவர்ந்து, குடையை உள்வெளியாக மாற்றி, மேலங்கியின் இரண்டாம் பொத்தானை அறுத்தெறிந்து, முகத்தில் மழையைக் கைப்பிடி கைப்பிடியாக வாரி இறைத்தது. நெவில் அசைந்தானில்லை. வாசலின் இருபுறச் செங்கல்லையும் கைகளால் பற்றி, கால்களைப் பரப்பி, கண்களை மூடி, அடிமரமெனச் சமைந்து நின்றான். அறைக்குள் ஒரு துளி புகவில்லை. அடுப்பின் செம்மை அவன் முதுகில் மட்டும் விழுந்தது.

அப்போது அவன் தோளின் மேலாக ஒரு கை நீண்டது. டோரீனின் கை. வெந்நீர்க்குடுவையின் மூடியில் ஆவி பறக்கும் தேநீர்.

"இந்தா கண்ணு, குடி. திரும்பாத, அப்படியே வாங்கிக்கோ."

வாங்கினான். பின்னால் டாக்கிஸின் குரல், இந்த முறை சற்றே கம்மி: "எல்லாரும் நெவிலுக்கு ஒரு கை தட்டுங்கப்பா. அவரு இல்லன்னா இந்நேரம் டோரீனக்கா ஆஸ்பத்திரியில துணி தொவைக்கப் போக மாட்டாங்க, படுத்துக்கத்தான் போவாங்க."

கைதட்டல் எழுந்தது. கையுறைக் கைகள் என்பதால் புறாக்கள் சிறகடிப்பதுபோல் மெத்தென்று எழுந்தது. ஐயகோ! பழியைத் தாங்கியவன் புகழைத் தாங்க முடியாமல் தளர்ந்தான். பத்தொன்பது நாட்களாக நெஞ்சில் கட்டி வைத்திருந்த மாபெரும் வாக்குமூலம், 'கேளுங்கள் வாட்டில் பெண்டின் குடிகளே, உங்கள் கதவை வீழ்த்திய கொடுங்கோலன் இதோ நிற்கிறான், கொல்வதானாலும் கொள்வதானாலும் உங்கள் விருப்பம்' என்று தொடங்கும் அந்த உரை, தொண்டைவரை வந்தது. வந்து, தேநீரில் கரைந்து, வேறு ஏதோவாக வெளியே வந்தது.

"டோரீன்... கதவைப் பத்தி எழுதிக் குடுத்தது யாருன்னு, உங்க யாருக்காச்சும் தெரியுமா?"

இருபத்திரண்டு ஆண்டுகளின் தராசு ஆடிற்று. மின்னடுப்பு அணைந்தது, யாரோ மறுபடி பொத்தானை அமுக்கினார்கள்.

"நீதான் கண்ணு, நீ வாசல்ல நின்ன மொத நாளே மெர்வ் உன் தாள்ல உன் பேரையும் எழுதி உள்ள ஒட்டிட்டாரு, கொஞ்சம் இடப்பக்கமா நகந்து நில்லு, காத்து வருது."